எண்ணெய்ச் சட்டி வைக்காமல் சோமாசி... ஏர் ஃப்ரையருக்குக் கைகொடுக்கும் மலைவாழைப்பழம்!

ஏர் ஃப்ரையர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வாரம் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ். இரண்டாவது வாரம் சிக்கன். மூன்றாவது வாரம் யாராவது ஆசைப்பட்டு வாழைக்காய் பஜ்ஜி போட்டுப் பார்ப்பார்கள். மாவு முழுக்க வழிந்து, கூடையின் ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிக் கழுவி முடித்த கையோடு மெஷின் அட்டைப்பெட்டிக்குள் போய், பரணில் ஏறிவிடும்.

'நம்ம ஊர்ப் பலகாரத்துக்கெல்லாம் இது சரிப்படாது' என்று வீட்டில் ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. பஜ்ஜி வராது, சுசியம் வராது, அதிரசத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆனால், சோமாசி வரும். அதுவும் நன்றாகவே வரும். அதற்கு மாவையும் பூரணத்தையும் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். பூரணத்துக்குத் தேவையான பழம், திண்டுக்கல்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்திலேயே விளைகிறது.

பெயரில்தான் ஃப்ரையர்!

ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடாகும் கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு ஃபேன். அவ்வளவுதான் விஷயம். சுருளின் சூட்டை ஃபேன் வேகமாகக் கீழே தள்ளுகிறது. ஓட்டை போட்ட கூடைக்குள் அந்தச் சூடான காற்று சுற்றிச் சுற்றி வருகிறது. பேக்கரியில் இருக்கும் அவனைச் சுருக்கி, உள்ளே ஒரு ஃபேனைப் பொருத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரரின் யோசனை இது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில் இதை அறிமுகம் செய்தது.

காற்றுக்கும் எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டும் 170 டிகிரி சூட்டில் இருந்தாலும், எண்ணெய் தன் சூட்டைப் பலகாரத்துக்குச் சட்டென்று கொடுத்துவிடும். காற்று மெதுவாகத்தான் கொடுக்கும். வாணலியில் மூன்று, நான்கு நிமிடங்களில் சிவக்கும் சோமாசிக்கு ஏர் ஃப்ரையரில் 12 நிமிடங்களாவது வேண்டும். அந்த 12 நிமிடமும் ஃபேன் காற்று மேல்மாவை உலர்த்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாதாரண மாவில் செய்து வைத்தால், மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்து, கடித்தால் காய்ந்த சப்பாத்தி மாதிரி இருக்கிறது.

கரைத்த மாவு தோற்பதற்கும் இதுதான் காரணம். பஜ்ஜி மாவு கொதிக்கும் எண்ணெயில் விழுந்த நொடியே மேலே கெட்டியாகிவிடும். காற்றில் அப்படி ஆகாது. கெட்டியாவதற்கு முன்பே வழிந்துவிடும். சுசியம், ஜிலேபி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சோமாசி தப்பிப்பது அது பிசைந்து தேய்த்த மாவு என்பதால். மராட்டியத்தில் கரஞ்சி, வடக்கே குஜியா, ஆந்திராவில் கஜ்ஜிக்காயலு, கர்நாடகத்தில் கர்ஜிகாயி என்று ஊருக்கு ஒரு பெயரில் இருக்கும் இந்தக் குடும்பம் முழுவதுமே ஏர் ஃப்ரையருக்கு ஒத்துவரும். வழக்கமாக வாணலியில் இருக்கும் கொழுப்பில் கொஞ்சத்தை மாவுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அதுதான் சூட்சுமம்.

பூரணத்தில் தண்ணீர் இருந்தால் போச்சு

வழக்கமான சோமாசிப் பூரணம் பொட்டுக்கடலை, தேங்காய், சர்க்கரை. இது உலர்ந்தது, எண்ணெயில் உதிராது, பல நாள் இருக்கும். ஏர் ஃப்ரையரில் வைத்தால் மாவோடு சேர்ந்து இதுவும் இன்னும் உலர்ந்துபோகும். கடிக்கும்போது தூள் தூளாகத் தொண்டையில் அடைக்கும். எண்ணெய் கொடுக்கும் ஈரப்பசை இங்கே இல்லையே!

அதற்காகப் பழத்தைப் பிசைந்து வைத்தால் இன்னொரு வில்லங்கம். பழத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, அடிமாவை ஊறவைத்துவிடும். மேலே மொறுமொறு, கீழே களி. ஆப்பிளை வைத்தாலும் பச்சைப்பழத்தை வைத்தாலும் இந்தத் தொல்லை உண்டு.

இந்த இடத்தில்தான் மலைவாழைப்பழம் வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்கு இரண்டு மலைவாழைகள் சொந்தம். ஒன்று சிறுமலைப் பழம். இன்னொன்று, ஒட்டன்சத்திரம் பக்கத்து விருப்பாச்சி ஊரின் பெயரைச் சுமக்கும் பழம். (வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த கோபால நாயக்கரின் விருப்பாச்சிதான்!) இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. சதையில் தண்ணீர் குறைவு, மணம் அதிகம். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே பழம் குழையாமல் நிற்கும். வாழைப்பழத்தைக் கறுத்தவுடன் தூக்கிப்போடும் பழக்கம் இந்தப் பழத்திடம் மட்டும் செல்லாது. அப்போதுதான் அதற்கு ருசியே கூடுகிறது.

பழனிப் பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமல் செய்தும், கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழத்தின் குணமும் ஒரு காரணம். மலைவாழைப்பழம், சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் என்று அதன் ஐந்து முக்கியப் பொருள்களையும் நம் வீட்டுப் பாட்டிகளே சொல்லிவிடுவார்கள். 2019-ல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுதான் முதல். தேனைத் தவிர மற்ற நான்கையும் எடுத்து அடுப்பில் சுருட்டினால் நம் சோமாசிக்குப் பூரணம் தயார்.

பழத்துக்கு விலை கொஞ்சம் கூடத்தான். பூவன் தாரோடு ஒப்பிட்டால் கை தயங்கும். முடிக்கொத்து நோய் தாக்கியதில் பழனிமலைச் சரிவுகளிலும் சிறுமலையிலும் பல தோட்டங்கள் அழிந்து, சாகுபடிப் பரப்பு வெகுவாகச் சுருங்கிப்போனது. நோயில்லாத கன்றுகளைக் கொண்டுதான் மறுபடி மீட்டுவருகிறார்கள். இன்றும் சிறுமலையில் சாலை போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் ஏற்றித்தான் தார்களைக் கீழே கொண்டுவருகிறார்கள். திண்டுக்கல் சிறுமலை செட்டில் தார் தாராக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, அது எத்தனை கை, எத்தனை கால் மாறி வந்தது என்பது தெரியாது. ஒரு சோமாசி ஈடுக்கு நான்கு பழம் போதும். அதிலும் கறுத்துப்போன பழமாகப் பார்த்துக் கேட்டால் விலை குறைத்தே கொடுப்பார்கள்.

செய்து பார்ப்போமா?

12 சோமாசிக்குக் கணக்கு சொல்கிறேன். மேல்மாவுக்கு: மைதா 1 கப் (சுமார் 130 கிராம்), ரவை 2 டேபிள்ஸ்பூன், நெய் 3 டேபிள்ஸ்பூன், பொடித்த சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, காய்ச்சி ஆறிய பால் கால் கப்புக்குள். பூரணத்துக்கு: மலைவாழைப்பழம் 4 (உரித்த பிறகு 150 கிராம் அளவில்), பொடித்த வெல்லம் 50 கிராம், துருவிய தேங்காய் கால் கப், பொட்டுக்கடலைப் பொடி 2 டேபிள்ஸ்பூன், ஏலக்காய் 2, நெய் 1 டீஸ்பூன்.

மைதாவே வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். முழுக்கவும் கோதுமை என்றால் மொறுமொறுப்பு குறையும். அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

மைதா, ரவை, உப்பு, சர்க்கரையைக் கலந்து, நெய்யை நன்றாகச் சூடாக்கி அதன் மேல் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் விரல் நுனியால் பிசறுங்கள். ஒரு பிடி மாவை எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் அரை ஸ்பூன் நெய் விடுங்கள். இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

பிறகு பாலைத் தெளித்துத் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடங்கள் மூடி வையுங்கள். தண்ணீருக்குப் பதில் பால் ஏன்? பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும்தான் காற்றுச் சூட்டில் மேல்மாவைச் சிவக்க வைக்கின்றன. மாவில் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்ததும் அதற்காகத்தான்.

மாவு ஊறும் நேரத்தில் பூரணம். நெய்யில் தேங்காயை வாசம் வரும்வரை வறுத்து எடுத்து வைத்துவிடுங்கள். அதே வாணலியில் பழத்தை மசித்துப் போட்டு, அது ஓரம் விட்டு வரும்வரை கிளறுங்கள். வெல்லத்தை அதற்குப் பிறகு சேருங்கள். முதலிலேயே போட்டால் வெல்லம் இளகி, எல்லாம் பாகாக ஓடும், சுருள நேரமும் ஆகும். கடைசியாகத் தேங்காய், பொட்டுக்கடலைப் பொடி, ஏலக்காய். பொட்டுக்கடலை மிச்சமிருக்கும் ஈரத்தையும் குடித்துவிடும். ஒரு துளி எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக வர வேண்டும். அதுதான் பதம். முழுக்க ஆறிய பிறகே மாவில் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் மாவில் இருக்கும் நெய் இளகி, ஓரம் ஒட்டாது.

மாவை 12 உருண்டைகளாக்கி, பூரி அளவுக்குத் தேய்த்து, நடுவில் ஒரு ஸ்பூன் பூரணம் வைத்து மடியுங்கள். ஓரத்தில் பால் தடவி அழுத்தி, சோமாசி அச்சில் வெட்டலாம். அச்சு இல்லையென்றால் முள்கரண்டியால் அழுத்தினாலே அழகாக வரும்.

இப்போது, எண்ணெயில் பொரிக்கும்போது செய்யவே கூடாத ஒன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சோமாசியின் மேலேயும் முள்கரண்டி நுனியால் ஒரே ஒரு குத்து. வாணலியில் இப்படி ஓட்டை விழுந்தால் பூரணம் வெளியே வந்து எண்ணெய் பூராவும் கருகிவிடும். ஏர் ஃப்ரையரில் அந்த ஓட்டை வழியாகத்தான் ஆவி வெளியேறும். இல்லையென்றால் ஓரம் வாய் பிளந்து வெல்லம் வழியும். வழிந்த வெல்லம் கூடையில் கருகினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

மெஷினை 170 டிகிரியில் 3 நிமிடங்கள் சும்மா ஓடவிடுங்கள். சோமாசியின் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் நெய்யோ எண்ணெயோ லேசாகத் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆறு ஆறாக வையுங்கள். இடம் இருக்கிறதே என்று அடுக்கினால் காற்று போக வழியிருக்காது. 8 நிமிடங்கள் கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் 4 நிமிடங்கள். ஒரு மெஷின் போல இன்னொன்று இருக்காது என்பதால், முதலில் ஒரே ஒரு சோமாசியை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும். ஐந்து நிமிடங்கள் கம்பித் தட்டில் ஆறவிட்டால் மொறுமொறுப்பாகிவிடும்.

கூடைக்குள் பட்டர் பேப்பர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சும்மா ஓடவிடும் அந்த 3 நிமிடம் பேப்பர் உள்ளே இருக்கக் கூடாது. கனமில்லாத பேப்பரை ஃபேன் காற்று தூக்கி, மேலே இருக்கும் சுருளில் ஒட்ட வைத்தால் தீப்பிடித்துவிடும்.

ஸ்கூல் வேன் வர இருபது நிமிடம்தான் இருக்கிறதா?

மேலே சொன்னதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய் வருபவர்களுக்கு அது கட்டாது. பூரணத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கிளறி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள்களுக்குத் தாங்கும். மேல்மாவுக்குக் கடையில் கிடைக்கும் சமோசா பட்டி போதும். முக்கோணமாக மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டி, நெய் தடவி 180 டிகிரியில் 7 நிமிடங்கள். பட்டி மெல்லிசு என்பதால் கண் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் இல்லையா? பிரெட் ஓரத்தை வெட்டிவிட்டு, சப்பாத்திக் கட்டையால் அழுத்தித் தேய்த்து, பூரணம் வைத்துச் சுருட்டி, நெய் தடவி வையுங்கள். 6 நிமிடங்களில் முடிந்தது. குழந்தைகளே சுருட்டித் தருவார்கள். மெஷினில் வைப்பதையும் எடுப்பதையும் மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கூடையின் ஓரம் சுட்டால் நன்றாகவே சுடும். மிஞ்சிய சப்பாத்தி மாவில் செய்யலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் பல் வலுவாக இருக்க வேண்டும்.

உறைநிலையில் விற்கும் பஃப்ஸ் ஷீட்டும் ஏர் ஃப்ரையரில் அழகாகப் பொங்கி வரும். வாங்கும்போது கவரின் பின்பக்கத்தைப் படியுங்கள். எண்ணெய், கொழுப்புகளிலும் அவை சேர்ந்த உணவுகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் அமலில் இருக்கிறது. வெண்ணெயில் செய்ததா, வனஸ்பதியில் செய்ததா என்பது பொருள்கள் பட்டியலிலேயே இருக்கும்.

மலைவாழை கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு நேந்திரன்தான் அடுத்த தேர்வு. அதுவும் தண்ணீர் குறைந்த பழம். கற்பூரவள்ளி என்றால் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, கூடுதல் நேரம் கிளறுங்கள். பச்சைப்பழம் வேண்டாம்.

எண்ணெய் மிச்சம் எங்கே?

'எண்ணெயே இல்லாத பலகாரம்' என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நம் சோமாசியில் நெய் இருக்கிறது. மாவு, நெய், வெல்லம், பழம் எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால், ஒன்றுக்கு ஏறக்குறைய 120 கலோரி வருகிறது. பொரித்த சோமாசியில் இதற்கு மேல் குடித்த எண்ணெயும் சேரும். வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

உண்மையான லாபம் வாணலியில் மிஞ்சும் எண்ணெயில் இருக்கிறது. 12 சோமாசி பொரிக்கவும் அரை லிட்டர் எண்ணெயாவது ஊற்ற வேண்டும். சோமாசி குடிப்பது கொஞ்சம்தான். பாக்கியை என்ன செய்கிறோம்? வடிகட்டி, தூக்கில் ஊற்றி வைத்து, மறுநாள் அப்பளம், அதற்கு மறுநாள் வடகம், மிச்சத்தைத் தாளிக்க. கொட்ட மனசு வராது, எண்ணெய் விற்கும் விலை அப்படி. ஆனால், திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய் சிதைந்து, கேடான பொருள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அப்படிச் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து விதி வைத்திருக்கிறது. கடைகளில் கருவி வைத்துச் சோதிக்கலாம். நம் வீட்டுத் தூக்கை யார் சோதிப்பது? சாயங்காலப் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனிப்பு விஷயத்தில் மெஷினால் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெயில் பொரித்தாலும் காற்றில் சுட்டாலும் வெல்லம் வெல்லம்தான். நாட்டுச்சர்க்கரை என்றாலும் உடம்புக்கு அது சர்க்கரைக் கணக்குதான். மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வில், நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல், அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு சோமாசியில் சேர்த்த வெல்லம் 4 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். பழத்தின் இனிப்பு தனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. காபி, டீயில் போடுவதையும் அதில்தான் கழிக்க வேண்டும். 'எண்ணெய் இல்லையே' என்று நான்காவது சோமாசிக்குக் கை நீட்டும் அப்பாக்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கரன்ட் பில்லும் பிளக் பாயின்ட்டும்

1,400 வாட்ஸ் மெஷின் என்று வைத்துக்கொண்டால், சூடாக்கும் 3 நிமிடம், இரண்டு ஈடுக்கு 24 நிமிடம், ஆக 27 நிமிடங்களுக்கு அதிகபட்சம் 0.63 யூனிட். நடுநடுவே சுருள் தானாக அணைந்து எரியும் என்பதால் இதைவிடக் குறையவே ஆகும். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது பிளக்குக்குத்தான். 1,400 வாட்ஸ் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டி.வி.க்கும் செல்போன் சார்ஜருக்கும் இருக்கும் சின்ன பாயின்ட்டின் எல்லையே 6 ஆம்பியர்தான். கன்வெர்ட்டர் மாட்டி அதில் சொருகுவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்து மாட்டுவது எல்லாம் ஆபத்து. பழைய வீடுகளின் சமையலறையில் கிரைண்டருக்கென்று ஒரு பெரிய பாயின்ட் இருக்கும். அதில் மாட்டுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும், சூடான காற்று அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

கூடையைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். வெல்லம் ஒட்டியிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தால் தானாகக் கழன்றுவிடும்.

பழம் சேர்ந்த சோமாசி என்பதால், தீபாவளிச் சோமாசி மாதிரி டின்னில் போட்டு வாரக்கணக்கில் வைக்க முடியாது. அன்றைக்கே சாப்பிடுவது உத்தமம். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் 150 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். டிஃபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புவதென்றால் நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, சோமாசி நமத்துப்போகும்.